சுருமாக்கல் ரேடியோவும் ஊர்க்கிணறும்

பெரிய வீட்டு ரேடியோ எங்கள் அப்பாவின் தலையில் ஏறித்தான் ஓடியது. நான் கூட்டிச் சொல்லவில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊருக்கு அப்போது கரண்ட் கிடையாது. ரேடியோ பாட வேண்டுமென்றால் மோட்டார் காரில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பேட்டரி வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் அது செத்துப்போகும். பெரிய வீட்டு மாட்டுக் கொட்டகையில் வேலை பார்த்த என் அப்பா சும்மாடு கட்டி, அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அரியலூருக்கு நடப்பார். ஸ்டேஷன் பக்கத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மறுநாள் திரும்பி வருவார். ஆசிட் சிந்தியே அவருடைய துண்டுகள் சல்லடையாகிவிட்டன. தோளில் இரண்டு இடத்தில் தோல் வெந்து வெளுத்துப் போயிருந்தது.

தூக்கத்தான் அவர், கேட்க வேறு ஆட்கள். ஊர்த்தெருக்காரர்கள் முன்கட்டில் உட்கார்ந்து கேட்பார்கள். எங்கள் தெருக்காரர்கள் அந்த வாசல்படியை மிதிக்கக்கூடாது. நாங்கள் கிறிஸ்துவ வேதத்தில் சேர்ந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது. ஞாயிறு தவறாமல் பூசை பார்ப்போம். ஆனால் கோவிலுக்குள்ளும் எங்களுக்குத் தனி இடம், கிணற்றடியிலும் தனி இடம். நாங்கள் சாமியை மாற்றிப் பார்த்தோம், ஊரை மாற்ற முடியவில்லை.

சாணி அள்ளுகிற சாக்கில் அப்பா கொட்டகைப் பக்கத்துச் சன்னலோரம் நின்று கேட்பார். சாயங்காலம் திருச்சி நிலையத்திலிருந்து கிராமத்து நிகழ்ச்சி ஒன்று வரும். இரண்டு சம்சாரிகள் உரம், பூச்சி, மாமியார் என்று எதையாவது பேசி வம்பு வளர்ப்பார்கள். ஒருநாள் அதில் ஒருவன் பொண்டாட்டிக்குப் பயந்து நெல் குதிருக்குள் ஒளிந்துகொண்டான். அப்பா தன்னை மறந்து சிரித்துவிட்டார். எங்கள் அப்பாவின் சிரிப்பு சாமானியச் சிரிப்பு இல்லை, கட்டியிருக்கிற மாடு மிரளும்.

பெரிய வீட்டுக்காரர் எழுந்து கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"எவனக் கேட்டுடா சிரிச்ச?"

அப்பா சாணிக்கூடையைக் கீழே வைத்தார்.

"முன்கட்டுல பெரிய மனுசங்க உக்காந்திருக்காங்க. அவங்க சிரிக்கறதுக்கு முந்தி உனக்குச் சிரிப்பு வருதோ?"

அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு அந்தச் சன்னலுக்குப் பலகை அடித்துவிட்டார். அடுத்த வாரம் பேட்டரி செத்தது. அப்பா வழக்கம்போல அதைத் தலையில் தூக்கிக்கொண்டு அரியலூருக்குப் போனார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. திருச்சியில் டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு எங்கள் தெரு மிஷன் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. சன்னல் சங்கதி எனக்குத் தெரிந்தபோது பெரிய வீட்டுக்காரர் மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல் வந்த கோபம் அதிகம்.

"ஏம்ப்பா தூக்குனீங்க? அவங்க பேட்டரிய அவங்களே தூக்கிட்டுப் போவட்டுமே."

"வுடு பாப்பா. சிரிப்புதான, எங்க ஓடிப்போவுது? நாளைக்குச் சிரிச்சிக்கறேன்."

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருத்தர் தன் சிரிப்பை நாளைக்கு என்று எடுத்து வைப்பதா? "உங்களுக்கு நான் ஒரு ரேடியோ செஞ்சு தரேன். பேட்டரியே இல்லாத ரேடியோ" என்றேன். அப்பா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தார்.

வாய்க்கு வந்ததை நான் சொல்லிவிடவில்லை. டிரெய்னிங் பள்ளிக்கூடத்து அலமாரியில் ஒரு பழைய தமிழ் மாதப் பத்திரிகை கிடந்தது. அதில் பேட்டரியும் மின்சாரமும் இல்லாமல் ஓடுகிற ரேடியோ ஒன்றுக்குப் படம் போட்டிருந்தார்கள். ஒரு கம்பிச் சுருள், ஒரு துண்டுக் கல், அந்தக் கல்லைத் தொடுகிற ஊசி, காதில் மாட்டுகிற ஹெட்போன், உயரத்தில் கட்டுகிற ஏரியல், மண்ணுக்குள் இறக்குகிற எர்த் கம்பி. அவ்வளவுதான் சாமான். காற்றில் வருகிற அலையே அதை ஓட்டிவிடுமாம். படத்தை அன்றைக்கே நோட்டில் வரைந்து, கூட இருந்த கட்டுரையையும் பார்த்து எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு எதற்காக வரைந்தேன் என்று கேட்டால் தெரியாது. யாருக்கும் கடன்படாமல் ஓடுகிற ஒரு சாமான் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

லீவு நாளில் திருச்சிக்குப் போய்ப் பழைய சாமான் கடைத்தெருவில் அலைந்தேன். பட்டாளத்திலிருந்து கழித்துக் கட்டிய சாமான்கள் குப்பை குப்பையாகக் கிடந்தன. ஒரு ஹெட்போனை எடுத்து, ஒரு வயரின் நுனியைக் காசோடு சேர்த்து நாக்கில் வைத்து, இன்னொரு வயரை நாக்கில் தொட்டுப் பார்த்தேன். காதில் 'டிக்' என்றது. உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர், நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளையைப் பார்த்துவிட்டு விலையே பேசாமல் கொடுத்துவிட்டார். பழைய டைனமோ ஒன்றிலிருந்து பிரித்த, வார்னிஷ் பூசிய செம்புக் கம்பியும் அங்கேயே கிடைத்தது.

காய்ந்த மூங்கில் துண்டில் அந்தக் கம்பியை ஒன்றை ஒன்று ஒட்டினாற்போலச் சுற்றினேன். நூறு சுற்று என்று கட்டுரையில் இருந்தது. எண்பதை நெருங்கும்போது யாராவது "டீச்சர்" என்று கூப்பிடுவார்கள், எண்ணிக்கை போய்விடும், மறுபடியும் பிரித்துச் சுற்றுவேன். ஏரியலை எங்கள் தெருப் பனையேறி இரண்டு பனைகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டிக் கொடுத்தார். மரத்தில் கம்பி படக்கூடாது என்பதற்காக உடைந்த சோடா பாட்டில்களின் கழுத்தை இரண்டு பக்கமும் கோத்தோம். எர்த்துக்கு, வேலிக்குக் கட்டுகிற இரும்புக் கம்பியை எங்கள் தெருக் கிணற்றுக்குள் இறக்கினேன்.

கல்லில்தான் மோசம் போனேன். கட்டுரையில் 'படிகம்' என்று போட்டிருந்தது. எங்கள் பக்கத்து ஆட்களிடம் அப்படிச் சொன்னால் வேறு எந்தக் கல் ஞாபகத்துக்கு வரும்? காரை என்கிற ஊர்ப் பக்கத்து ஓடைகளில் கண்ணாடி மாதிரி பளபளவென்று கல் கிடக்கும், பாளம் பாளமாக உரியும். இதைவிடப் படிகம் எங்கே இருக்கிறது என்று நினைத்தேன். தெருவே சேர்ந்து எனக்காக ஒரு சாக்கு பொறுக்கிக் கொண்டுவந்தது. ஒரு மாதம் அந்தக் கண்ணாடிக்கல் ஒவ்வொன்றையும் ஊசியால் குத்திக் குத்திக் காதில் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. தெருவில் கிண்டல் ஆரம்பித்தது. "டீச்சர், கல்லுக்குக் காது குத்தியாச்சா?" என்று கேட்பார்கள். நோட்டை மறுபடி எடுத்து நிதானமாகப் படித்தபோதுதான் அடுத்த வரி கண்ணில் பட்டது. ஈயமும் கந்தகமும் கலந்த, கறுத்த, உடைத்தால் கட்டம் கட்டமாக மின்னுகிற கல் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. பிள்ளைகளுக்குக் கேள்வியை முழுசாகப் படி என்று சொல்லிக்கொடுக்கிற டீச்சர் நான். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த மாதிரிக் கல்லை நான் பார்த்திருந்தேன். பெரம்பலூர் சந்தையில் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் அத்தரும் சுருமாவும் விற்பார். கண்ணுக்குத் தீட்டுகிற சுருமாவை அவர் கல்லாக வைத்திருந்து, கேட்கும்போது இடித்துக் கொடுப்பார். நான் போய், இடிக்க வேண்டாம், கல்லாகவே கொடுங்கள் என்றேன்.

"கல்ல வெச்சு என்னம்மா செய்வீங்க? கண்ணக் கிழிச்சிடுமே."

"கண்ணுக்கு இல்லைங்க பாய். காதுக்கு. ரேடியோ கேக்கறதுக்கு."

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சுபஹானல்லாஹ்! எங்க வாப்பா காலத்துலேந்து இந்தக் கல்ல விக்கறோம், இது பேசும்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார். ஒரு கட்டியை எடுத்து உடைத்து, இருப்பதிலேயே நன்றாக மின்னிய துண்டைப் பொறுக்கிக் கையில் வைத்தார். "பேசுச்சுன்னா வந்து சொல்லணும்" என்று அவர் கேட்டுக்கொண்டதை நான் மறக்கவில்லை, பிறகு போய்ச் சொன்னேன்.

தையல்காரர் விரலில் மாட்டுகிற பித்தளைக் குப்பிக்குள் தேயிலைப் பொட்டலத்து ஈயத்தாளைத் திணித்து, அதில் கல்லைப் பதித்தேன். ஊசிக்கு என் சேலையில் குத்தியிருந்த ஊக்கையே நிமிர்த்திக்கொண்டேன். அன்று சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கல்லில் இடம் இடமாகத் தொட்டுப் பார்த்தேன். ஊமை, ஊமை, ஊமை. பிறகு ஒரு மூலையில் ஊக்கு பட்டதும் ஒரு ஆள் என் காதுக்குள் மெல்லப் பேசினார். கடலைக்குச் சாம்பல் தூவுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். கடலைச் செடிக்குச் சாம்பல் போடச் சொன்னதற்கு அழுத ஒரே ஆள் அந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

அப்பா முண்டாசை அவிழ்த்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதுகை நிமிர்த்திக் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, பூசையில் உட்கார்ந்திருப்பது போலக் கேட்டார். "ரொம்ப மெதுவாப் பேசறானே, யாருக்குப் பயந்துக்கிட்டு?" என்றார். அதற்கும் வழி கண்டுபிடித்தோம். ஹெட்போனை வெறும் பானைக்குள் வைத்தால் சத்தம் கூடியது. பானையைச் சுற்றி எட்டுப் பத்துத் தலைகள் குனிந்தால் எல்லாருக்கும் கேட்டது. யாரும் மூச்சுக்கூடப் பெரிதாக விடமாட்டார்கள். சிரிப்பு வந்தால் மட்டும் பானையிலிருந்து தலையை எடுத்துவிட்டு, மேலே பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு பெரிய வீடு வரைக்கும் போயிருக்கிறது. பெரிய வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து வழியில் என்னை நிறுத்தினார்.

"லைசென்ஸ் இல்லாம ரேடியோ வெச்சா ஜெயிலு. தெரியுமா புள்ள?"

எங்கள் தெருவில் அவரை 'எசமான்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அந்த வார்த்தை நாக்கில் வரவில்லை. "தெரியாதுங்க சார். தெரிஞ்சிக்கறேன்" என்றேன். அந்த 'சார்' அவருக்குச் சுருக்கென்றது என்பது முகத்தில் தெரிந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை அரியலூர் போஸ்டாபீசில் போய் நின்றேன். ரேடியோ எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டிய இடத்தில் 'சொந்தத் தயாரிப்பு' என்று எழுதினேன். அங்கே இருந்தவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு முத்திரை குத்திக் கொடுத்தார். திரும்பி வரும்போது அந்தக் காகிதத்தை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே ஊர்த்தெரு வழியாக நடந்து வந்தேன்.

பங்குனியில் எங்கள் கிணறு வற்றியது. வருஷா வருஷம் வற்றுவதுதான். அடியில் சுண்ணாம்புப் பாறை தெரியும், எர்த் கம்பி அந்தப் பாறைமேல் வெறுமனே தொங்கியது. பானைக்குள் இருந்த குரல் நாளுக்கு நாள் தேய்ந்து, ஒருநாள் அடியோடு நின்றுவிட்டது. ஈரம் இல்லாவிட்டால் எர்த் இல்லை, எர்த் இல்லாவிட்டால் ரேடியோ இல்லை. கம்பியைப் பிடுங்கித் தரையில் நட்டுத் தண்ணீர் ஊற்றலாம் என்று ஒரு கிழவர் சொன்னார். குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது மண்ணுக்கு எப்படி ஊற்றுவது? 

வற்றாத கிணறு ஊர்க்கிணறு ஒன்றுதான். பெரிய படிக்கிணறு, சித்திரையிலும் தண்ணீர் நிற்கும். எங்கள் தெருப் பெண்கள் அதன் மேட்டுக்குக் கீழே குடத்தோடு காத்திருக்க வேண்டும். தண்ணீர் எடுக்க வருகிற ஊர்த்தெருப் பெண் யாராவது மனது வைத்துத் தூக்கி ஊற்றினால் உண்டு. ஆற்றிலே போகிற தண்ணீரை அப்பா குடி, ஆத்தா குடி என்பார்கள். கிணற்றுத் தண்ணீருக்கு அந்தப் பழமொழியை யாரும் சொல்வதில்லை.

ஒருநாள் நானும் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே குடம் தண்ணீரில் முங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் தாகம் தோன்றவில்லை, எர்த்துதான் தோன்றியது. இது என் புத்தியின் கோளாறு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் உச்சிவேளையில், ஆள் நடமாட்டம் இல்லாதபோது, எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கிற செம்பின் கழுத்தில் இரும்புக் கம்பியை இறுக்கிக் கட்டினேன். கிணற்று மேட்டில் நான் கால் வைக்கவில்லை. இந்தப் பக்கத்து வரப்பில் நின்றபடி, கவண் சுற்றுவதுபோல மூன்று சுற்றுச் சுற்றி வீசினேன். செம்பு கிணற்று மதிலைத் தாண்டிப் போய் 'தொப்' என்று விழுந்தது. கம்பியை வரப்போரமாகவும் வேலியோரமாகவும் மறைத்து எங்கள் வீடு வரைக்கும் கொண்டு வந்தேன். அன்று சாயங்காலம் பானையில் கேட்ட சத்தம் முன்னெப்போதும் கேட்காத சத்தம். அப்பா காரணம் கேட்டார். சொன்னதும் அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

"எடுத்துடு பாப்பா. வாணாம். நாம குடிக்கற செம்பும்மா அது. தெரிஞ்சா ஊரே ரெண்டாயிடும்."

"செம்பு சுத்தமாத்தாம்ப்பா இருந்துச்சு. புளி போட்டுத் தேச்சுட்டுத்தான் போட்டேன்."

அவர் அன்று ரேடியோ கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அந்தக் குதிருக்குள் ஒளிகிற ஆள் மறுபடி வந்தான். அப்பா கம்மென்று வந்து பானைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஒன்பதாவது நாள் விடிந்ததும் பிடிபட்டோம். ஊர்த்தெருப் பெண் ஒருத்தி குடத்தோடு படியில் இறங்கியிருக்கிறாள். காலில் கம்பி தட்டியதும் "பாம்பு!" என்று அலறியிருக்கிறாள். கம்போடு ஓடி வந்தவர்கள் அது பாம்பில்லை என்று கண்டுகொண்டு, கம்பி போன வழியே வரப்பு, வேலி, பனை என்று நடந்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ரகசியமாகச் செய்த வேலைக்கு இப்படி நானே வழிகாட்டிக் கம்பி போட்டு வைத்திருந்தேன்.

அப்பாவையும் என்னையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்கள். மேட்டுமேல் பெரிய வீட்டுக்காரரும் ஊர்ப் பெரியவர்களும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர்த்தெருப் பெண்கள் வெறுங்குடத்தோடு கூட்டமாக நின்றார்கள். தீட்டுப்பட்ட தண்ணீரை யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். மேட்டுக்குக் கீழே எங்கள் தெரு முழுவதும் வந்து நின்றது. அப்பா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றார். எனக்கும் பயம்தான். ஆனால் ரேடியோ போய்விடுமோ என்கிற பயம்தான் முதலில் வந்தது. மற்ற பயங்கள் அப்புறம்தான் வந்தன.

"என்ன புள்ள, உன் ரேடியோவுக்கு எங்க கிணத்துல என்ன வேல?"

"எர்த்துங்க சார். கம்பி ஈரத்துல இருந்தாத்தான் ரேடியோ கேக்கும். உங்க வூட்டு ரேடியோவுக்கும் இருக்குங்களே, துளசி மாடத்துப் பக்கத்துல இறக்கியிருக்கு. ரெண்டும் ஒரே மண்ணுக்குள்ளதான் போவுது."

கூட்டத்தில் சலசலப்பு. அவர் முகம் சிவந்தது.

"பாடம் நடத்தாத. கம்பிய இப்பவே வெளிய எடு."

"எடுத்துக்குங்க சார். கம்பி அங்கதான் கெடக்கு."

அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. நாங்கள் வாய் வைத்துக் குடிக்கிற செம்பு அந்தக் கம்பியின் நுனியில் இருக்கிறது. அதை யார் தொடுவது? வேலியோரமாக நடந்து வந்தவர்கள்கூடக் கம்பைத்தான் கம்பிமேல் வைத்துத் தடவிக்கொண்டு வந்தார்களே தவிர, கை வைக்கவில்லை. கடைசியில் அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"டேய், அங்கேந்தே இழு!"

அப்பா கீழே நின்று கம்பியை இழுத்தார். செம்பு அடியில் கல்லிடுக்கில் மாட்டியிருந்தது. இன்னொரு தடவை இழுத்தார். படீரென்று அறுந்து, கம்பி அவர் மேலேயே வந்து சுருண்டு விழுந்தது. செம்பு உள்ளேயே தங்கிவிட்டது.

இப்போது சிக்கல் முற்றிவிட்டது. கிணற்றில் எங்கள் செம்பு கிடக்கிறது. அது கிடக்கிற வரைக்கும் ஊர் தண்ணீர் எடுக்க முடியாது. அவர்களில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். தொடக்கூடிய நாங்கள் படியில் இறங்கக்கூடாது. இறைத்துவிடலாம் என்றார் ஒருவர். சித்திரையில் கிணற்றை இறைத்துவிட்டு எதைக் குடிப்பது என்று இன்னொருவர் கேட்டார். பேச்சு வளர்ந்துகொண்டே போயிற்று, வெயிலும் ஏறிக்கொண்டே போயிற்று. எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு, முன்னால் வந்தாள்.

"மாமா, புள்ளைங்க காத்தாலேந்து தண்ணி இல்லாம கெடக்குதுங்க. போட்டவளே எறங்கி எடுத்துட்டுப் போவட்டுமே. எம்மாம் நேரந்தான் நிக்கறது?"

"அதான? எறங்கட்டும்" என்று இன்னும் நாலு குரல் எழுந்தது. எல்லாம் பெண்களின் குரல்.

பெரிய வீட்டுக்காரருக்கு வேறு வழியில்லை. "சரி, எறங்கு. செம்ப மட்டும் எடுத்துக்கிட்டு உடனே ஏறிடணும். தண்ணியத் தொடக்கூடாது" என்றார்.

"தண்ணியத் தொடாம தண்ணிக்குள்ள இருக்கற செம்ப எப்படிங்க சார் எடுக்கறது?"

  கேட்டு முடித்ததும் என் பயம் போய்விட்டது. ரேடியோ போனால் போகட்டும் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்தபிறகு வெறுங்கையோடு ஏற மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

"எறங்கறேங்க சார். ஆனா குடத்தோடதான் எறங்குவேன். எங்க தெருவுலயும் காத்தாலேந்து யாரும் தண்ணி குடிக்கல."

"திமிரப் பாரு!" என்று அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடித்தாலும் என்னைத் தொட வேண்டுமே. பின்னால் பெண்கள், "சீக்கிரம் எறங்கச் சொல்லுங்க மாமா" என்று சத்தம் போட்டார்கள். எங்கள் தெருப் பக்கத்திலிருந்து ஒரு குடம் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டுமேல் கால் வைத்தேன்.

முப்பது படி இருக்கும். எண்ணிக்கொண்டுதான் இறங்கினேன், பாதியில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கல் குளிர்ச்சியாக இருந்தது. எங்கள் தெருவில் யாருடைய காலும் அந்தக் குளிர்ச்சியை அதுவரை அறிந்ததில்லை. தண்ணீருக்குள் இடுப்பு வரைக்கும் இறங்கி, காலால் துழாவிச் செம்பைக் கண்டுபிடித்து, குனிந்து எடுத்தேன். பிறகு அந்தச் செம்பால் மொண்டு, வயிறு நிறையும் மட்டும் குடித்தேன். மேலே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் குடித்தேன். குடத்தை முக்கி நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு, சேலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறினேன்.

மேலே வந்ததும் அவர்கள் எல்லாரும் பின்வாங்கி ஒதுங்கினார்கள். என் ஈரம் பட்டுவிடக்கூடாது என்று ஒதுங்கியிருப்பார்கள். எனக்கு நடக்க வழி கிடைத்தது. குடத்தைக் கொண்டுபோய் எங்கள் பெண்களிடம் கொடுத்தேன். செம்பை உயர்த்திக் காட்டி, "எடுத்துட்டேங்க சார்" என்றேன்.

அப்போது அப்பா நகர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அக்குளில் இருந்த துண்டைத் தோளில் போட்டிருந்தார். ஒரு கையில் இன்னொரு வெறுங்குடம் இருந்தது. மற்றொரு கையில், தானே இழுத்து அறுத்த கம்பியின் நுனியைப் பிடித்திருந்தார். பெரிய வீட்டுக்காரருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"இந்தா பாப்பா. இந்தத் தடவ நல்லா இறுக்கிக் கட்டு."

நான் அங்கேயே உட்கார்ந்து, செம்பின் கழுத்தில் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கினேன். பிறகு அப்பாவிடமிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு, கம்பி கட்டிய செம்போடு மறுபடியும் படியில் இறங்கினேன்.